25 வரவேண்டிய இடத்தில் 259

சார்லஸ் மூர் 1970 வாக்கில் உருவாக்கிய ஃபோர்த் என்ற நிரல்மொழியை, அதை இயக்கும் ஜிஃபோர்த் மென்பொருளில் எழுதிப் பழகிக்கொண்டிருந்தேன். இலக்கணம் என்று பெரிதாக எதுவும் இல்லை. எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓர் அடுக்கில் ஏறும். சொற்கள், அதாவது கட்டளைகள், அவற்றை மேலிருந்து எடுத்து வேலை செய்யும். '3 4 +' என்பது 'மூன்றையும் நான்கையும் கூட்டு' என்பதுபோல; வினை கடைசியில்தான். நமக்குப் பழகிய வரிசை என்று இறுமாந்திருந்தேன்.

இரண்டு எண்களின் வர்க்கங்களைக் கூட்ட 'டூப் * டூப் * +' என்று எழுதினேன். 'டூப்' அடுக்கின் உச்சியில் உள்ள எண்ணுக்கு ஒரு நகல் எடுக்கும்; '*' பெருக்கும். 3, 4 கொடுத்தால் 25 வரவேண்டும், வந்ததோ 259. ஒரு மணி நேரம் திரையை வெறித்துப் பார்த்ததுதான் மிச்சம்.

பிறகு ஒவ்வொரு சொல்லாக இட்டு, 'டாட் எஸ்' என்ற சொல்லால் அடுக்கை அச்சிட்டுப் பார்த்தேன். முதல் பெருக்கலுக்குப் பின் 3 16. அடுத்த பெருக்கலுக்குப் பின் 3 256. அடடா! 3 அடியிலேயே கிடக்க, 16ஐயே மறுபடி வர்க்கமாக்கியிருக்கிறேன்.

நடுவில் ஒரு 'ஸ்வாப்' போட்டதும் 16 3 என்று இடம் மாறியது, 9 ஆனது, 25 வந்தது.

அதோடு விடவில்லை. 'டூப் *' என்பதைத் தனியே பிரித்து 'வர்க்கம்' என்று பெயரிட்டேன். ஜிஃபோர்த் தமிழ்ப் பெயரை முணுமுணுப்பின்றி ஏற்றுக்கொண்டது. இப்போது வரி 'வர்க்கம் ஸ்வாப் வர்க்கம் +'. முதலிலேயே இப்படிப் பிரித்திருந்தால் அந்த ஒரு மணி நேரம் போயிருக்காது.