ஃப்ரைபுர்க் பசுமை நகரத்துக்குக் களப்பயணம்: முதல்முறை போகிறவர்களுக்கான செய்முறை விளக்கம்

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், கருங்காட்டு மலையடிவாரத்தில் இருக்கிறது ஃப்ரைபுர்க். மக்கள்தொகை சுமார் 2.3 லட்சம், கிட்டத்தட்ட நம் தஞ்சாவூர் அளவு. உலகெங்கிலுமிருந்து நகரமைப்பு படிக்கிறவர்கள் குழு குழுவாக இங்கே வருகிறார்கள். பலர் சூரிய மின்தகடுகளைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தகடு எந்த ஊரிலும் தகடுதான். அதைக் கூரையில் ஏற்றிய விதி எது, காசு யார் போட்டது, பழுதானால் யார் பார்ப்பது? இந்த மூன்றையும் கேட்டு வரத்தான் இந்தப் பயணம்.

கட்டடக்கலை, சிவில் மாணவர்கள், உள்ளாட்சிப் பணியாளர்கள், ஏற்கெனவே ஜெர்மனியில் படித்துக்கொண்டு நண்பர்களோடு போக நினைப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். 10 முதல் 15 பேர் கொண்ட குழு, ஒரு முழு நாள் என்று கணக்கு. 15 பேரைத் தாண்டினால் கடைசி வரிசைக்கு வழிகாட்டியின் குரல் எட்டாது. டிராமில் பாதிப் பேர் ஏறி, பாதிப் பேர் நிறுத்தத்திலேயே நிற்பார்கள்.

படி 1: ஒரே ஒரு கேள்வியோடு போங்கள்

"நீடித்த வளர்ச்சியை அறிய" என்று கேள்வித்தாளில் எழுதினால் வழிகாட்டி பொதுவான பேச்சைப் பேசிவிட்டுப் போய்விடுவார். கேள்வி கூர்மையாக இருக்க வேண்டும். "வண்டி நிறுத்த இடம் இல்லாத வீட்டுக்குச் சட்டப்படி எப்படி அனுமதி கிடைத்தது?", "கூரையில் விழும் மழைநீர் எங்கே போகிறது?", "டிராம் முதலில் வந்ததா, வீடு முதலில் வந்ததா?" என்பதுபோல. இவற்றில் ஒன்றைத் தேர்ந்து, பார்க்கும் எல்லா இடத்திலும் அதையே கேளுங்கள். ஒரே கேள்விக்கு மூன்று இடங்களில் மூன்று பதில் கிடைக்கும்போதுதான் ஊர் புரியத் தொடங்கும்.

படி 2: நாளும் தாள்களும்

மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஆகஸ்டில் அந்த மாநிலத்துக்குப் பள்ளி விடுமுறை. அதிகாரிகள் பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். கிழமை செவ்வாய் முதல் வியாழன் வரை. ஞாயிறு வேண்டவே வேண்டாம். கடைகள் மூடியிருக்கும், அன்றாடப் போக்குவரத்தும் இருக்காது, பார்க்க வந்ததே அதைத்தானே.

வழிகாட்டியை ஆறு முதல் எட்டு வாரம் முன்பே பதிவு செய்யுங்கள். அனுப்பும் கடிதத்தில் எத்தனை பேர், என்ன தொழில், என்ன மொழி, உங்கள் கேள்வி எது என்ற நான்கும் இருக்கட்டும். ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் பெயர்த்துச் சொல்ல ஆள் வைத்தால், இரண்டு மணி நேரச் சுற்றில் ஒரு மணி நேரச் சரக்குதான் கிடைக்கும். இடங்களைக் குறையுங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா (ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் விண்ணப்பத்தை வாங்க மாட்டார்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அழைப்புக் கடிதம் வாங்கும்போது எல்லாப் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். நம் இனிஷியல் வழக்கம் இங்கேதான் காலை வாரும். கடிதத்தில் "ச. முருகன்", பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரித்து என்றால் கேள்வி வரும்.

படி 3: பையில் என்ன

5 மீட்டர் அளவுநாடா இரண்டு, திசைகாட்டி (கைபேசியில் உள்ளதே போதும்), கோடில்லாத நோட்டு, பென்சில், மழைக்கோட்டு, நடப்பதற்கேற்ற ஷூ (செருப்பு வேண்டாம்). டிராமுக்கு 24 மணி நேரச் சீட்டு எடுங்கள். ஐந்து பேருக்குச் சேர்த்து ஒரே சீட்டாகவும் கிடைக்கும். அப்படி எடுத்தால் அந்த ஐவரும் கடைசி வரை சேர்ந்தே போக வேண்டும்.

படி 4: காலை 9 மணி, ரயில் நிலையம்

நிலையத்தை விட்டு உடனே வெளியேறாதீர்கள். தண்டவாளங்களுக்கு மேலே ஒரு பாலம், அதில் டிராம் நிறுத்தம். நடைமேடைகளிலிருந்து படியேறினால் நேரே டிராம். வண்டி மாற எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். தண்டவாள அகலத்தையும் கவனியுங்கள்: 1000 மி.மீ., நம் பழைய மீட்டர் கேஜேதான். குறுகிய தெருவில் வளைந்து திரும்ப அது வசதி. அளவுநாடாவைத் தண்டவாளத்தில் வைக்கும் ஆசை மட்டும் வேண்டாம், டிராம் சத்தமில்லாமல் வரும்.

பக்கத்திலேயே நீல வண்ண இரும்புப் பாலம் ஒன்று, பெயர் விவிலி பாலம். 1996 முதல் கார் போக அனுமதியில்லை. சைக்கிள்களை எண்ணிக் காட்டும் கருவி அங்கே நிற்கிறது. வானிலை நன்றாக இருக்கும் நாளில் எண் பத்தாயிரத்தைத் தாண்டும். பத்து நிமிடம் நின்று நீங்களும் எண்ணுங்கள்: குழந்தையை ஏற்றிச் செல்பவர் எத்தனை, அறுபது வயதைத் தாண்டியவர் எத்தனை? இளைஞர்கள் மட்டும் ஓட்டும் ஊரில் சைக்கிள் பாதை சரியில்லை என்று பொருள்.

படி 5: பழைய நகரம், ஒரு மணி நேரம் போதும்

1944 நவம்பர் 27 குண்டுவீச்சில் நகர மையம் பெரும்பகுதி அழிந்தது. அகலச் சாலை போட வாய்ப்பிருந்தும் பழைய தெரு அமைப்பிலேயே திரும்பக் கட்டினார்கள். 1973-ல் மையத்தை நடப்பவர்களுக்கே விட்டார்கள். தெருவோரம் ஓடும் சிறு வாய்க்கால்களின் பெயர் பெஷ்லே. ட்ரைசாம் ஆற்று நீர், தரைச் சரிவிலேயே ஓடுகிறது. எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குறித்தால் ஊரின் சரிவு வரைபடம் கையில் வந்துவிடும். கால் தவறி அதில் மிதித்தவர் உள்ளூர் ஆளைத்தான் கல்யாணம் செய்துகொள்வார் என்பது அந்த ஊர்ப் பேச்சு.

இங்கே வழிகாட்டியிடம் வீல் (Wyhl) என்ற ஊரைப் பற்றிக் கேளுங்கள். 30 கி.மீ.க்குள் உள்ள அந்த ஊரில் அணுமின் நிலையம் கட்டவிருந்த இடத்தை, 1975 பிப்ரவரியில் திராட்சை விவசாயிகளும் மாணவர்களும் சேர்ந்து ஆக்கிரமித்தார்கள். நிலையம் கட்டப்படவே இல்லை. வேண்டாம் என்று சொன்னவர்கள் "அப்படியானால் வேறு எது?" என்ற கேள்விக்கும் பதில் தேட வேண்டியிருந்தது. நகரின் ஆற்றல் கொள்கையின் வேர் அங்கே இருக்கிறது.

படி 6: வோபான், நாளின் மையம்

வோபான், கார்கள் குறைவாக உள்ள ஒரு குடியிருப்புப் பகுதி. 3-ஆம் எண் டிராமில் ஏறுங்கள். கடைசி நிறுத்தம் வரை போகாமல் பவுலா மோடர்சோன் பிளாட்ஸில் இறங்கி, அங்கிருந்து நடங்கள். குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் கண்ணில் படுவது "சூரியக் கப்பல்" என்ற நீண்ட கட்டடம். அதன் பின்னாலும் அதன் உச்சியிலுமாகக் கட்டடக் கலைஞர் ரோல்ஃப் டிஷ் வடிவமைத்த 59 வீடுகள். ஆண்டுக் கணக்கில் பயன்படுத்துவதைவிடக் கூடுதலாக மின்சாரம் தருபவை. திசைகாட்டியை எடுத்துப் பாருங்கள்: கூரைச் சரிவும் பெரிய கண்ணாடியும் தெற்கே. ஃப்ரைபுர்கில் நண்பகல் சூரியன் ஜூனில் சுமார் 65 பாகை உயரத்திலும், டிசம்பரில் வெறும் 18 பாகையிலும் நிற்கும். அதனால் நீண்ட கூரை விளிம்பு கோடை வெயிலைத் தடுத்து, குளிர்கால வெயிலை உள்ளே விடுகிறது. இதை அப்படியே சென்னைக்குக் கொண்டுவருவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. சென்னையில் டிசம்பர் நண்பகலிலும் சூரியன் 53 பாகைக்கு மேல். வெப்பத்தை வீட்டுக்குள் சேர்க்கும் தேவையே நமக்கு இல்லை. காசைப் பற்றியும் மறக்காமல் கேளுங்கள். 2000-ல் வந்த ஜெர்மானியச் சட்டம், மின்கட்டமைப்புக்குத் தரும் சூரிய மின்சாரத்துக்கு 20 ஆண்டு நிலையான விலையை உறுதிசெய்தது. வங்கிகள் நம்பிக் கடன் கொடுத்தது அதனால்தான்.

இனி சாலையைக் கடந்து குடியிருப்புக்குள். 1992 வரை பிரெஞ்சு ராணுவ முகாம்; இன்று சுமார் 5,500 பேர் வசிக்கிறார்கள். சில பழைய படைவீடுகள் இடிக்கப்படாமல் குறைந்த வாடகை வீடுகளாகவும் மாணவர் விடுதியாகவும் நிற்கின்றன. டிராம் புல்தரைமேல் ஓடுகிறது: சத்தம் குறையும், மழைநீர் மண்ணில் இறங்கும். தெருவோரப் பள்ளமான புல்வெளிகள் அழகுக்கல்ல, கூரைநீரை வாங்கி மெல்ல நிலத்துக்குள் அனுப்புபவை. ஆழத்தைக் கண்ணளவில் குறியுங்கள், ஆனால் அதே அளவை நம் ஊருக்குப் போடாதீர்கள். அங்கே மழை ஆண்டு முழுக்கப் பரவிப் பெய்யும், சென்னையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டும்.

அடுத்தது வண்டி நிறுத்தம். இதில் நிதானமாக நில்லுங்கள். உள்தெருக்களில் காரில் வந்து சாமான் இறக்கலாம், நிறுத்தி வைக்க முடியாது. கார் வைத்திருப்பவர் குடியிருப்பின் ஓரத்தில் உள்ள பலமாடி நிறுத்தகத்தில் இடம் வாங்க வேண்டும். அதன் விலை பல ஆயிரம் யூரோ, வீட்டு விலையில் சேராது. ஆனால் மாநிலச் சட்டமோ வீட்டுக்கு ஓர் இடம் கேட்டது. அதற்கு வழி கண்டார்கள்: கார் இல்லாதவர் "என்னிடம் கார் இல்லை" என்று எழுதிக் கொடுப்பார். அவர்களுக்கான சங்கம் ஒரு நிலத்தை ஒதுக்கி வைத்திருக்கும். தேவை வந்தால் அங்கே நிறுத்தகம் கட்டலாம். இன்று அது பசும்திடல். விளைவு, ஆயிரம் பேருக்கு 200-க்கும் குறைவான கார்கள். ஜெர்மனியின் சராசரி 500-க்கு மேல்.

வழிகாட்டி தானாகச் சொல்லாததையும் கேளுங்கள். பக்கத்துப் பகுதித் தெருக்களில் காரை நிறுத்துகிறவர்கள் உண்டா? வாடகை உயர்ந்ததால் யார் இங்கே வர முடியவில்லை?

ஒரு எச்சரிக்கை. இது மக்கள் குடியிருக்கும் இடம். ஜன்னலில் எட்டிப் பார்ப்பது, விளையாடும் குழந்தைகளைப் படம் எடுப்பது கூடவே கூடாது. வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அங்குள்ளவர்கள் சலித்திருக்கிறார்கள்.

படி 7: பிற்பகலில் ஒரே இடம், ரீசல்ஃபெல்ட்

ஐந்து இடம் பார்க்க ஆசை வரும். சாப்பாட்டுக்குப் பின் ஒன்றுக்கு மேல் மண்டையில் ஏறாது. வோபானுக்கு எதிர் உதாரணம் வேண்டும் என்பதால் ரீசல்ஃபெல்டைச் சொல்கிறோம். நகரக் கழிவுநீரைப் பாய்ச்சிய வயல்வெளி அது. 70 ஹெக்டேரில் சுமார் 10,000 பேருக்குக் குடியிருப்பு, மிச்சம் பெரும்பகுதி இயற்கைக் காப்பகம். இங்கே டிராம் 1997-லேயே, குடியேற்றம் தொடங்கிய கையோடு வந்துவிட்டது. வோபானுக்கு 2006-ல்தான், பெரும்பாலான வீடுகள் கட்டிய பிறகு. முதல் கார் வாங்கும் முடிவில் இது என்ன வித்தியாசம் செய்தது என்று கேளுங்கள்.

பக்கத்திலேயே டீட்டன்பாக் என்ற புதுப் பகுதி எழுகிறது. விளைநிலத்தில் கட்டலாமா என்று 2019 பிப்ரவரியில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. 60 விழுக்காட்டினர் சரி என்றார்கள். பசுமை நகரத்திலும் வீடா, வயலா என்ற சண்டை உண்டு.

படி 8: அன்று மாலையே எழுதுங்கள்

மறுநாள் எழுதலாம் என்றால் எல்லா இடமும் ஒரே இடமாகக் குழம்பிவிடும். நோட்டில் மூன்று நெடுவரிசை: பார்த்த பொருள், அதன் பின்னால் உள்ள விதி, பணம் தந்தவர். இரண்டாவதும் மூன்றாவதும் காலியாக இருக்கும் வரிகளை வட்டமிடுங்கள். அவற்றை ஒரே கடிதமாகத் தொகுத்து ஒரு வாரத்துக்குள் வழிகாட்டிக்கு அனுப்புங்கள். அதற்குப் பிறகு அவர் வேறு பத்துக் குழுவைப் பார்த்திருப்பார், உங்கள் முகம் நினைவில் இருக்காது.