வாண்டா வாசிலேவ்ஸ்காவின் போர்க்கால அரசியலை ஆராய்வது எப்படி?

முதலில், போலந்து எழுத்தாளரும் கம்யூனிஸ்ட் அரசியல்வாதியுமான வாசிலேவ்ஸ்காவின் குடும்பப் பின்னணியிலிருந்து தொடங்குங்கள். 1918இல் விடுதலை பெற்ற போலந்தின் முதல் வெளியுறவு அமைச்சரான லியோன் வாசிலேவ்ஸ்கியின் மகளான இவர், 1939இல் சோவியத் படை கைப்பற்றிய லுவோவ் (இன்றைய உக்ரைனின் லிவிவ்) நகருக்குச் சென்று சோவியத் குடியுரிமை பெற்றார் என்பதை மனத்தில் இருத்தாமல் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டாம்.

பிறகு 1943ஆம் ஆண்டை நாள் நாளாகப் படியுங்கள். நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் இதுவே. ஏப்ரல் 13 அன்று, சோவியத் தரப்பு கொன்ற போலந்து அதிகாரிகளின் புதைகுழிகள் ரஷ்யாவின் கட்டின் (Katyn) என்ற இடத்தில் கிடைத்ததாக ஜெர்மனி அறிவித்தது. இதை விசாரிக்கக் கோரிய, லண்டனிலிருந்து இயங்கிய நாடுகடந்த போலந்து அரசுடன் ஏப்ரல் 25 அன்று மாஸ்கோ உறவை முறித்தது. சோவியத் ஒன்றியத்தில் வாசிலேவ்ஸ்கா தலைமையேற்ற போலந்து தேசபக்தர் ஒன்றியமும், போலந்து ராணுவ அதிகாரி பெர்லிங்கின் தலைமையில் அங்கேயே உருவான கொஷ்சியுஷ்கோ படைப்பிரிவும் இந்த முறிவுக்குப் பின்னரே வேகமாக வளர்ந்தன என்பதைக் கவனித்தால், ஸ்டாலினுக்கு வாசிலேவ்ஸ்கா ஏன் தேவைப்பட்டார் என்பது விளங்கும். அவரை வெறும் பொம்மை என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம் என்பது என் கருத்து. ஸ்டாலினை நேரில் அணுகிக் காரியம் சாதிக்கக்கூடிய போலந்துக்காரர்கள் அன்று மிகச் சிலரே.

ஆவணங்களை அவற்றின் முகவரியை மட்டும் வைத்து நம்பாதீர்கள். சோவியத் ஆதரவு பெற்ற போலந்து தேசிய விடுதலைக் குழுவின் 1944 ஜூலை 22 அறிக்கையில், வெளியான இடமாகப் போலந்தின் ஹெல்ம் நகரின் பெயர் இருந்தாலும், அது உருவானது மாஸ்கோவில்தான். அந்தக் குழுவில் வாசிலேவ்ஸ்கா துணைத் தலைவராக இருந்தார்; ஆயினும் போருக்குப் பின் போலந்தில் குடியேறாமல், 1964இல் இறக்கும்வரை கீவ் நகரிலேயே வாழ்ந்தார்.