குரோம் சுவிட்ச் கவர் மாட்டும்போது நடக்கும் தவறுகள்

ஹேண்டில்பாரில் குரோம் கவர் மாட்டுவதை அலங்கார வேலை என்று நினைத்துத்தான் பலரும் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கிறார்கள். ஆனால் அந்தக் கவருக்குள் இருப்பது பிரேக் லைட் சுவிட்ச், இன்ஜினை உடனே நிறுத்தும் கில் சுவிட்ச், ஆக்ஸிலேட்டர் கேபிள். கண்ணுக்கு அழகாக உட்கார்ந்தால் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்வதில்தான் பாதிப் பிரச்சினை தொடங்குகிறது.

கடையில் எல்லாமே 'குரோம் சுவிட்ச் கவர்' என்ற பெயரில்தான் கிடைக்கும். ஆனால் இருப்பதன் மேல் டேப் வைத்து ஒட்டுவது ஒரு வகை; சுவிட்சுகளை மூடியிருக்கும் பழைய கூட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் முழுதாக மாட்டுவது இன்னொரு வகை. இரண்டாவதில் ஒயரையும் சுவிட்சையும் வெளியே எடுத்தே ஆக வேண்டும். எந்த வகை என்று பார்க்காமல் வாங்கிவிட்டுப் பாதி கழற்றிய பிறகு முழிப்பது சாதாரணமாக நடக்கிறது. மாடல், வருடம் இரண்டும் பொருந்துகிறதா என்று முதலிலேயே பாருங்கள். அதே பெயரில் வந்த பைக்கிலும் சில வருடங்களில் கூட்டின் வடிவம் மாறியிருக்கும்.

கூட்டைத் திறப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். சாவியை அணைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது, சாவியை அணைத்தாலும் கரண்ட் இருக்கும் ஒயர்கள் சில பைக்குகளில் உண்டு. உலோகக் கவரில் அது உரசினால் ஃபியூஸ் போய்விடும்.

அடுத்தது ஸ்க்ரூ. ஜப்பானிய பைக்குகளில் கூட்டல் குறி போலத் தெரியும் ஸ்க்ரூ பெரும்பாலும் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர வகை. தலையில் சின்னப் புள்ளி இருந்தால் அதுதான். சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுதாக இறங்காமல் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். மாட்டும்போது ஸ்க்ரூவை முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். மரை சேரும் இடத்தில் 'டக்' என்று இறங்குவது கைக்குத் தெரியும். அப்புறம் வலப்பக்கம் திருப்பினால் மரை போகாது. இரண்டு ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இந்தச் சின்ன ஸ்க்ரூக்களுக்குப் பெரிய பலம் தேவையில்லை. ஹார்லி-டேவிட்சன் கூடுகளுக்கே சுமார் 4 முதல் 5 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசைதான். கழன்று விழுமோ என்று பயந்து பிளாஸ்டிக் கவரில் திரெட்லாக்கர் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) விடுவதும் தவறு, பல பிளாஸ்டிக்குகள் அதில் விரிசல் விடும்.

வலது பக்கம்தான் கவனம் அதிகம் கேட்கும். பல ஹார்லி பைக்குகளில் முன் பிரேக்கின் லைட் சுவிட்ச் வலது கூட்டுக்குள்ளேயே இருக்கிறது. பிரேக் லிவர் அதன் சின்ன முனையை அழுத்திக்கொண்டிருக்கும். அப்படியே கூட்டை இழுத்தால் முனையும் அதன் ரப்பர் உறையும் சேதமாகும். லிவருக்கும் அதன் பிடிமானத்துக்கும் நடுவில் சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள அட்டையைச் செருகிவிட்டுத்தான் கூட்டைத் தொட வேண்டும். கழற்றும்போது மட்டும் செருகிவிட்டு, திரும்ப மாட்டும்போது மறந்துபோகிறவர்கள் நிறைய. சுவிட்ச் கெட்டால் பிரேக் லைட் அணையாமலே எரியும், அல்லது எரியவே எரியாது. இரண்டுமே ஓட்டுகிறவருக்குத் தெரியாது, பின்னால் வருகிறவருக்குத்தான் தெரியும்.

சில கூடுகளின் உள்ளே சின்ன முளை ஒன்று இருக்கும். ஹேண்டில்பாரில் உள்ள துளையில் அது உட்கார வேண்டும். சரியாகப் பொருந்தவில்லை என்று அந்த முளையை அரத்தால் ராவிவிடுவது மோசமான குறுக்கு வழி. பிடிமானம் போய்விடும், அவசரத்தில் ஹாரன் அடிக்கப் போனால் கூடே சுழலும். ஒயர் எங்கேயாவது நசுங்கியிருந்தாலும் கவர் மூடாது. மூடவில்லை என்றால் உள்ளே ஏதோ தடுக்கிறது என்று அர்த்தம், ஸ்க்ரூவை இறுக்கி மூட வைக்காதீர்கள். இண்டிகேட்டர் சுவிட்சை மட்டும் தேவையில்லாமல் பிரிக்க வேண்டாம். பலவற்றில் உள்ளே சின்ன ஸ்பிரிங்கும் குண்டும் இருக்கும், தெறித்தால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

எல்லாம் மாட்டியாயிற்றா, சரி. இப்போது ஆக்ஸிலேட்டரைத் திருகிக் கையை விடுங்கள், தானாகவே சட்டென்று திரும்ப வேண்டும். ஹேண்டில்பாரை இடம், வலம் முழுக்கத் திருப்பி வைத்தும் இதைப் பாருங்கள். பிறகு பேட்டரியை இணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஹேண்டில்பாரைத் திருப்புங்கள். சத்தம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது. அந்த நிலையில் வண்டியை வெளியே எடுக்கவே கூடாது. ஒவ்வொரு பட்டனையும் கையுறை போட்டுக்கொண்டு அழுத்திப் பாருங்கள். குரோம் மூடி கொஞ்சம் தடிமனாக இருந்தாலே ஹாரன் பட்டன் உள்ளே சிக்கிக்கொள்ளும், கில் சுவிட்ச் பாதியில் நிற்கும்.

ஒட்டும் வகையில் தவறு வேறு மாதிரி. பாலிஷ், சிலிகான் ஸ்பிரே படிந்த இடத்தில் எந்த டேப்பும் நிற்காது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, ஒட்டிய பிறகு நன்றாக அழுத்திப் பிடியுங்கள். இந்த வகை டேப் முழுப் பலம் பெறச் சாதாரண வெப்பத்தில் சுமார் 72 மணி நேரம் ஆகலாம், மறுநாளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் ஓரம் எழும்பிவிடும். குரோம் பூசிய பிளாஸ்டிக் கவராக இருந்தால், பூச்சு உரிந்த ஓரம் பிளேடு மாதிரி விரலைக் கிழிக்கும். உரியத் தொடங்கியதும் கழற்றிவிடுங்கள். முழுக் கூட்டை மாற்றியவர்கள் பழையதைத் தூக்கி எறியாமல் ஸ்க்ரூவோடு சேர்த்து எடுத்து வையுங்கள்.