எழுதியதை முதல் ஆளிடம் காட்டுவது எப்படி?

கதை எழுதி முடித்தாயிற்று. அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரல் நிற்கிறது, அழுத்த மனம் வரவில்லை. 'இதெல்லாம் ஒரு எழுத்தா?' என்று உள்ளே ஒரு குரல். புதியவர்களுக்கு மட்டும் கேட்கிற குரல் இல்லை இது. நன்றாகச் சாதித்தவர்களும் 'நம் சாயம் எப்போது வெளுக்குமோ' என்று அஞ்சுவதைப் பற்றி பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978-இல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். தயக்கம் தீரட்டும், பிறகு காட்டலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. தயக்கத்தோடேயே காட்டலாம். யாரிடம் காட்டுவது, என்ன கேட்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால் போதும்.

1,000 சொல்லுக்குள் அடங்கும் ஒரு சிறுகதையை வைத்து வழியைச் சொல்கிறோம். ஓவியம், பாட்டு, குறும்படம் என்றாலும் சின்னச் சின்ன மாற்றங்களோடு இதுவே பொருந்தும்.

படி 1: சந்தேகத்தைத் தாளில் இறக்குங்கள்

தாளின் நடுவே ஒரு கோடு. 10 நிமிடம், மனதில் ஓடும் பயத்தையெல்லாம் எழுதுங்கள். 'எனக்கு எழுத்து வராது', 'சிரிப்பார்கள்' போன்றவை வலப்பக்கம். 'மூன்றாம் பத்தி இழுக்கிறது', 'தம்பி ஏன் கோபப்பட்டான் என்று புரியாது' போன்றவை இடப்பக்கம். இடப்பக்கம் கதையைப் பற்றியது, திருத்த முடியும். வலப்பக்கம் உங்களைப் பற்றியது, அதைத் திருத்தக் கதையில் இடமே இல்லை. முதல் தடவை வலப்பக்கம்தான் நிறையும். அப்போது கதையை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறும் வரிகளைக் குறித்துக்கொண்டே போனால் இடப்பக்கமும் நிரம்பும்.

படி 2: இரண்டே திருத்தம்

மூன்று நாள் கிடப்பில் போட்டுவிட்டு, இடப்பக்கப் பட்டியலை வைத்து இரண்டு முறை மட்டும் திருத்துங்கள். அதற்கு மேல் பெரும்பாலும் பயம்தான் திருத்தும், காது அல்ல. துணிச்சலாக வந்த வரிகள்தான் முதலில் அடிபடும்.

படி 3: மூன்று பேர்

இந்த வகைக் கதைகளை விரும்பிப் படிப்பவர் ஒருவர், தானும் எழுதுபவர் ஒருவர், உங்களை அவ்வளவாகத் தெரியாதவர் ஒருவர். யாருடைய பாராட்டுக்காக மிகவும் ஏங்குகிறீர்களோ, அவரை இந்தச் சுற்றில் சேர்க்காதீர்கள். அவர் ஒரு நொடி புருவத்தைச் சுருக்கினாலே மற்ற இருவர் சொன்னதும் காதில் ஏறாது.

படி 4: 'எப்படி இருக்கு?' என்று கேட்காதீர்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். அந்தக் கேள்விக்கு 'நல்லா இருக்கு' என்றுதான் பதில் வரும். அதை நீங்களும் நம்பமாட்டீர்கள், சந்தேகம் இரட்டிப்பாகும். 'சும்மா கிறுக்கினது, தப்பா நினைக்காதீங்க' என்ற முன்னுரையும் வேண்டாம். குறை இருக்கிறது, தேடுங்கள் என்று வாசகரிடம் நீங்களே சொன்னதுபோல் ஆகிவிடும். இப்படி அனுப்பிப் பாருங்கள்:

'ஒரு கதை அனுப்புகிறேன், படிக்க 6 நிமிடம் ஆகும். ஞாயிற்றுக்கிழமைக்குள் மூன்று விஷயம் சொன்னால் போதும். எந்த இடத்தில் கவனம் சிதறியது? படித்து முடித்த பிறகும் மனதில் நின்ற வரி எது? அக்கா ஏன் வீட்டை விட்டுப் போகிறாள் என்று புரிந்ததா?'

நேரில் பேசுவதாக இருந்தால், அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லேர்மன் 1990-இல் வகுத்த வரிசை நன்றாக உதவும். முதலில் படித்தவர் தன்னைத் தொட்டது எது என்று சொல்வார். பிறகு நீங்கள் கேள்வி கேட்பீர்கள். அடுத்து அவர் தன் கருத்தைத் திணிக்காமல் கேள்வி கேட்பார். கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் 'சொல்லலாமா?' என்று உங்களைக் கேட்டுக்கொண்டு. வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

படி 5: பதில் வந்ததும்

அன்றைக்கே எதையும் மாற்றாதீர்கள், விளக்கமும் கொடுக்காதீர்கள். 'நன்றி, யோசிக்கிறேன்' போதும். ஒருவர் மட்டும் சொன்னதைக் குறித்து வையுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால் அங்கே நிச்சயம் ஏதோ இருக்கிறது. அவர்கள் சொல்லும் இடம் பெரும்பாலும் சரியாக இருக்கும், சொல்லும் மருந்துதான் பல சமயம் பொருந்தாது. 'அவள் மிகவும் சோகமாக இருந்தாள்' என்ற வரியில் இருவர் தயங்கி, 'சோகத்தை இன்னும் விளக்குங்கள்' என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். விளக்கினால் இன்னும் சவசவத்துப் போகும். 'அணைந்துபோன போனைக் கையிலேயே வைத்திருந்தாள்' என்று மாற்றிப் பாருங்கள், விளக்கம் தேவைப்படாது.

படி 6: பொதுவெளியில் போடுதல்

போட்டுவிட்டு 24 மணி நேரம் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். அடுத்த கதையின் முதல் பத்தியை அன்றே எழுதத் தொடங்குங்கள். யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் 'பிடிக்கவில்லை' என்று மனம் உடனே தீர்ப்பு எழுதும். 2000-இல் உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு பரிசோதனையை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள். கூச்சம் தரும் படம் போட்ட சட்டையோடு மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று சட்டையைப் போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். உங்கள் கதையையும் பலர் வெறுத்து ஒதுக்கியிருக்கமாட்டார்கள், பார்த்தே இருக்கமாட்டார்கள். ஒரு வாரம் கழித்து அதையே வேறொரு முதல் வரியோடு மறுபடி பகிரலாம், தவறே இல்லை.