விக்கிப் பயிலரங்குக்கு வந்தவர்கள் அடுத்த மாதம் எங்கே போகிறார்கள்?

கடலூரிலோ புதுச்சேரியிலோ கல்லூரியில் தமிழ் விக்கிப்பீடியா பயிலரங்கு வைத்தால், பெரும்பாலும் அன்று தொடங்கிய கணக்குகளைத்தான் எண்ணிப் பார்க்கிறார்கள். மாதம் ஐந்து தொகுப்பாவது (பக்கத்தில் செய்யும் மாற்றம்) செய்பவரையே, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா செயற்படு பயனராகக் கொள்ளும். எண்ண வேண்டியது அவர்களை.

கணினி அறையில் கணக்குத் தொடங்க வைப்பது முதல் தவறு. அறை முழுவதும் ஒரே ஐபி முகவரி, அதாவது ஒரே இணைய முகவரி. ஒரு முகவரியிலிருந்து நாளுக்கு ஆறு கணக்குகள்தான் தொடங்கலாம். ஏழாவது மாணவருக்குப் பிழைச்செய்தி வரும், மற்றவர்கள் அவர் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முந்தின நாளே அவரவர் வீட்டிலிருந்து தொடங்கி வரச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, எடுத்த எடுப்பில் புதுக் கட்டுரை. புதியவர் ஆர்வத்தில் தெருமுனைக் கோயிலைப் பற்றி எழுதுவார். அச்சில் சான்று இருக்காது. மாலைக்குள் நீக்கல் வார்ப்புரு (கட்டுரையை நீக்கச் சொல்லும் ஆயத்த அறிவிப்பு) ஏறிவிடும். வாட்சப்பில் வந்த படத்தை விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றினாலும் இதே கதிதான், எடுத்தவர் அவரில்லையே. பண்ருட்டி, கெடிலம் போன்று ஏற்கெனவே இருக்கும் கட்டுரையில் சான்றுடன் இரண்டு வரி, தானே எடுத்த ஒரு படம்: முதல் நாளுக்கு அது போதும்.

ஆளை விரட்டுவதில் முதலிடம், காரணம் சொல்லாத மீளமைப்புக்கு, அதாவது ஒருவர் செய்த மாற்றத்தை அழித்துப் பழையபடி ஆக்குவதற்கு. ஆங்கில விக்கிப்பீடியாவில் செயற்படு பயனர் எண்ணிக்கை 2007இல் உச்சம் தொட்டுச் சரிந்தது. நல்லெண்ணத்தோடு செய்த தொகுப்புகள்கூட அரைத் தானியங்கிக் கருவிகளால் தள்ளப்பட்டதும், விதிகள் இறுகியதும் புதியவர்களை நிற்கவிடவில்லை என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. சிறிய தமிழ்ச் சமூகத்தில் இது இன்னும் உறைக்கும். ஒருவர் அழித்தாலே ஊரே ஒதுக்கியதுபோல் தோன்றும். விஷமத் தொகுப்பை உடனே நீக்குங்கள். மற்றதில் சான்றை நீங்களே தேடிச் சேர்த்துவிடுங்கள். நீக்கியே தீர வேண்டுமென்றால், எந்த வரி, ஏன் என்பதை அவருக்குச் செய்தி விடும் பேச்சுப் பக்கத்தில் பெயர் சொல்லி எழுதுங்கள். அங்கே வார்ப்புருவை ஒட்டுவது நோட்டீஸ் ஒட்டுவதற்குச் சமம்.

எண்ணிக்கைக்குப் பரிசு தரும் போட்டியும் வேண்டாம். எந்திர மொழிபெயர்ப்புக் குறுங்கட்டுரைகள் குவியும். பரிசு முடிந்ததும் எழுதியவர் போய்விடுவார். துப்புரவு பழைய நாலைந்து பேர் தலையில் விழும். பிறகு அவர்களும் அலுத்து ஒதுங்குவார்கள்.

எழுதத் தயங்குபவரை, நூல்களை மின்வடிவில் தட்டெழுதிச் சரிபார்க்கும் விக்கிமூலத்துக்கு அனுப்பலாம். பாரதிதாசன் போன்றோரின் நூல்கள் நாட்டுடைமை என்பதால் பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. மெய்ப்புப் பார்த்த பக்கத்தின் நிலைக்குறி சிவப்பிலிருந்து மஞ்சளாகும். பச்சையாக்க இன்னொருவர் சரிபார்க்க வேண்டும், ஆகவே நண்பர்களை இரண்டிரண்டு பேராக உட்கார வையுங்கள்.