காலில் சுளகு கட்டி உறைந்த ஏரிக்கு: யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர்களுக்கு ஸ்னோஷூ நடை செய்முறை

தை, மாசியில் ரொறன்ரோவுக்குப் பிள்ளைகளிடமோ சகோதரங்களிடமோ போகிறவர்கள் பலர், ஸ்காபரோ வீட்டு யன்னலுக்குள்ளால் ஸ்னோவைப் பார்த்ததோடு திரும்பி வருகிறார்கள். 3 மணித்தியாலம் கார் ஓடினால், உறைந்த ஏரிக்கரையில் இரண்டு இரவு தங்கி, ஸ்னோஷூ (புதையாமல் நடக்கச் சப்பாத்தில் கட்டும் அகன்ற தட்டு) போட்டு நடந்துவிட்டு வரலாம். பெரிய உடற்பலம் தேவையில்லை. நல்லூர்த் தேருக்கு வெறுங்காலில் நின்று தாக்குப்பிடிக்கிற ஆளுக்கு இது முடியும். ஆனால் நம்முடைய உடம்புக்குத் தெரிந்த சில பழக்கங்களை அங்கே தலைகீழாக்க வேண்டும்.

ஒரு சொல் விளக்கம். நமக்குப் பனி என்றால் மார்கழி இரவில் இறங்கி வெயில் ஏற மறைவது. அங்கே இருப்பது மாசக்கணக்கில் போகாதது. குழப்பம் வராமல் இருக்க அதை ஸ்னோ என்றே எழுதுகிறேன். ஏரியில் உறைந்து கிடப்பது ஐஸ்.

1. இடமும் மாதமும்

முதல் முறைக்கு ஒன்ராறியோவின் அல்கொன்குவின் பூங்காவில் இருக்கும் மியூ லேக் முகாம் போதும். நெடுஞ்சாலை 60இல், மேற்கு வாசலிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர். குளிர்காலத்திலும் திறந்திருக்கும். ‘யேர்ட்’ எனப்படும் வட்டக் கூடாரவீடுகளில் மின்சூடு உண்டு. உள்ளே சமைக்க விடமாட்டார்கள். வெளியே நின்றுதான் சமைக்க வேண்டும். பதிவு 5 மாதம் முன்னரே திறக்கும். யேர்ட்கள் சனி, ஞாயிறுகளுக்கு உடனே முடிந்துவிடும்; செவ்வாய், புதன் பாருங்கள்.

மாசி நடுப்பகுதி நல்லது. டிசம்பர் கடைசியில் 4.40 அளவிலேயே பொழுது பட்டுவிடும். ஐஸும் நம்பக்கூடியதாக இராது. மாசியில் ஸ்னோ ஆழம், பகலும் நீளம்.

2. போவதற்கு முன், மணற்காட்டில்

யாழ்ப்பாணத்தில் குளிர் உடுப்பு தேடி அலைய வேண்டாம். இங்கே செய்யக்கூடியது ஒன்று: வடமராட்சி கிழக்கு மணற்காட்டு மணல்மேடுகளில், முதுகில் 8 கிலோ பையுடன், கிழமையில் 3 நாள், ஒரு மணித்தியாலம். ஈரமணல் வேண்டாம், கால் புதைகிற காய்ந்த மணல்தான் வேண்டும். ஸ்னோஷூவில் நோவது தொடையின் முன்பக்கமும் இடுப்பு மடிப்பும். தெரு நடை அந்தத் தசைகளைத் தொடுவதேயில்லை. 4 கிழமை நடந்தால் வித்தியாசம் தெரியும்.

3. உடுப்பு: எல்லாரும் பிழைவிடும் இடம்

இதை ஆறுதலாக வாசியுங்கள். மற்றப் படிகளில் பிழைவிட்டால் நேரம் வீணாகும். இதில் பிழைவிட்டால் உயிருக்கு ஆபத்து.

யாழ்ப்பாணத்தில் வியர்வை நமக்கு உதவி. சித்திரை வெயிலில் பருத்திப் பெனியன் நனைந்து, காற்றுப் பட்டு, உடம்பு குளிரும். -15 பாகையிலும் அந்தப் பெனியன் அதே வேலையைத்தான் செய்யும். நிறுத்தச் சொன்னால் நிறுத்தாது. அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே அங்கே குளிரைவிடப் பயப்பட வேண்டியது நனைந்த உடுப்புக்கு. பெனியன், ஜீன்ஸ், பருத்திச் சொக்ஸ் மூன்றையும் ஸ்காபரோவிலேயே விட்டுவிடுங்கள்.

போடவேண்டியது:

- தோலோடு ஒட்டி, மெல்லிய மெரினோ கம்பளி அல்லது பொலியெஸ்ரர் மேலுடுப்பும் காலுடுப்பும்.
- அதன்மேல் ஒரு மெல்லிய ஃபிளீஸ் (மென்மயிர் போன்ற செயற்கைத் துணி மேலுடுப்பு).
- அதன்மேல் காற்றை மறிக்கும், கமுக்கட்டில் சிப் உள்ள ஜக்கெற். காலுக்கும் அதே வகைக் காற்சட்டை.
- இறகு அல்லது பஞ்சு அடைத்த தடித்த ஜக்கெற். இது பையின் மேல்தட்டில் இருக்கும், நடக்கும்போது போடுவதில்லை.

உறவுக்காரர் அன்போடு தரும், முழங்கால்வரை நீண்ட, இறகு அடைத்த ஜக்கெற் பஸ்ஸுக்கு நிற்பதற்கு அருமையானது. நடைக்கு ஆகாது. 15 நிமிடத்தில் உள்ளே மழை பெய்தது போலாகிவிடும்.

பாவிக்கும் முறை: காரிலிருந்து இறங்கித் தொடங்கும்போது கொஞ்சம் குளிரத்தான் வேண்டும். இதமாக இருக்கிறது என்றால் ஒரு உடுப்பு கூடிப்போயிற்று. 10 நிமிடத்தில் ஒருமுறை நின்று முதுகின் அடிப்பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். ஈரம் பட்டால் பிந்திவிட்டீர்கள். உடனே ஃபிளீஸைக் கழற்றுங்கள். ஏற்றத்துக்கு முன்னர் தொப்பியையும் கழற்றுங்கள். களைப்பாற நிற்கும்போது ஒழுங்கு இதுதான்: முதலில் தடித்த ஜக்கெற், பிறகு பையை இறக்குவது, பிறகு தண்ணி. 5 நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். முகாமுக்குப் போனதும் கதிரையைத் தேடாமல் உள்ளுடுப்பை மாற்றுங்கள். காய்ந்த ஒரு சோடி பிளாஸ்ரிக் பைக்குள் கட்டியிருக்க வேண்டும்.

சப்பாத்து அரை அளவு பெரிதாக இருக்கட்டும். அதற்குள் தடித்த கம்பளிச் சொக்ஸ் ஒன்றே ஒன்று. இரண்டு சொக்ஸைத் திணித்தால் இரத்தோட்டம் நெரிபட்டு விரல் முதலில் விறைக்கும். கைக்கு விரல் பிரியாத உறை, அதற்குள் மெல்லிய விரலுறை.

4. ஸ்னோஷூ தெரிவும் கட்டும் முறையும்

பார்க்கச் சுளகு மாதிரி. வேலையும் லேசாக விளங்கும். நாவற்குழிப் பக்கத்துச் சேற்றில் வெறுங்கால் புதையும், பலகை போட்டால் புதையாது. பாரத்தைப் பரப்பிக் கொடுப்பதுதான் விஷயம். அளவு பார்க்கும்போது உங்கள் எடையோடு பையின் எடையையும் கூட்டுங்கள். 68 கிலோவுக்குள் என்றால் 21 அல்லது 22 அங்குலம், 90 கிலோவரை 25, அதற்கு மேல் 30. கொம்பனிக்குக் கொம்பனி சற்று மாறும்; பெட்டியில் உள்ளதைப் பாருங்கள். “பெரிசு பாதுகாப்பு” என்று 30 எடுத்தால் காலோடு கால் தட்டும்.

வாடகைக்கு எடுங்கள், வாங்க வேண்டாம். என் தெரிவு எம்எஸ்ஆர் கொம்பனியின் ஈவோ வகை, கெட்டிப் பிளாஸ்ரிக் தட்டு உள்ளது. ஏற்ற இறக்கத்தில் அடியிலுள்ள இரும்புப் பல் நன்றாகப் பிடிக்கும். ரப்பர் பட்டியாக இருப்பதால் உறை போட்ட கையாலும் இழுக்கலாம். திருகுச் சக்கரம் வைத்த வகை கடையில் அழகு. ஐஸ் பிடித்தால் திறபடாது.

கட்டும்போது கொக்கி வெளிப்பக்கம் வர வேண்டும், உட்பக்கம் வந்தால் ஒன்றோடொன்று மாட்டும். பெருவிரலுக்குப் பின்னாலுள்ள பாதத்தின் தடித்த பகுதி, கீழே பல் தொங்கும் அச்சுக்கு நேர் மேலே இருக்கட்டும். முன்னே தள்ளிப்போனால் பெருவிரல் தட்டில் இடித்து ஒவ்வொரு அடியும் தடுக்கும். பின்னே போனால் பல் பிடிக்காது. குதிப்பட்டியை நழுவ விடாதீர்கள். பிறகு பலரும் மறக்கும் வேலை: 10 நிமிடம் நடந்ததும் நின்று எல்லாப் பட்டியையும் மறுபடி இறுக்குவது. சப்பாத்தில் ஒட்டிய ஸ்னோ நசுங்க, பட்டி தளரும்.

இரவு ஸ்னோஷூவை யேர்ட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம். சூட்டில் நனைந்த பல்லோடு காலையில் வெளியே வந்தால், ஒவ்வொரு அடிக்கும் ஸ்னோ உருண்டையாய் ஒட்டி ஐஸ் கட்டும். வெளியே குத்தி வைத்தால் போதும். பட்டி அறுந்தால் கட்ட, கேபிள் ரை 4உம், ஊன்றுகோலில் சுற்றிய ஒட்டுநாடாவும், 2 மீற்றர் கயிறும்.

5. நடை

கால்களைச் சாதாரணத்தைவிட ஒரு சாண் அகட்டி வையுங்கள். இறக்கத்தில் முழங்காலை மடக்கிக் குதியில் பாரம். ஏற்றத்தில் நுனியை உதைத்துப் படி வெட்டுவது. பின்னோக்கி மட்டும் நடக்காதீர்கள், வால் குத்தி விழுவீர்கள். வட்டம் போட்டுத் திரும்புங்கள். விழுந்தால் முதலில் பையைக் கழற்றுங்கள். பிறகு குப்புறத் திரும்பி, இரண்டு ஊன்றுகோலையும் ஸ்னோவின்மேல் சிலுவையாகப் படுக்கவைத்து, அதில் கையூன்றி எழும்புங்கள். வெறுங்கையை ஊன்றினால் தோள்வரை உள்ளே போகும்.

இளம் ஊசியிலை மரங்களின் அடிக்குக் கிட்டப் போக வேண்டாம். கீழ்க்கிளைக்குள் வெற்றிடம் இருக்கும், இடுப்புவரை இறங்கும்.

மிதிபட்ட பாதையில் மணித்தியாலத்துக்கு 2 முதல் 3 கிலோமீற்றர், புது ஸ்னோவில் 1. முன்னால் போகிறவர் எல்லாருக்கும் பாதை வெட்டுகிறார். 5–10 நிமிடத்துக்கு ஒருவர் மாறுங்கள். 6 கிலோமீற்றரை “அது என்ன, யாழ்ப்பாணத்திலிருந்து கோண்டாவிலுக்குத்தானே” என்று கணக்குப் போட்டால் இருட்டிவிடும். பிற்பகல் 1 மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புங்கள். பனிச்சறுக்குக்காரர் சீராக்கி வைத்த தடத்தை மிதிக்காமல் ஓரமாகப் போவது மரியாதை.

6. ஏரியில் இறங்கலாமா?

முதல் முறை இறங்க வேண்டாம். கரைசுற்றினால் ஒரு மணித்தியாலம் கூடும், கூடட்டும்.

அனுபவமுள்ளவரோடு இறங்கினால்: தெளிந்த, கறுப்பாய்த் தெரியும் ஐஸ் குறைந்தது 10 சென்ரிமீற்றர் வேண்டும். வெள்ளை ஐஸுக்குப் பலம் பாதிதான், 20 வேண்டும். துளைத்து அளக்காமல் கண்ணால் சொல்ல முடியாது. ஆறு வந்து விழும் இடம், வெளியேறும் இடம், ஒடுங்கிய பகுதி, பீவர் (அணைகட்டும் நீர்விலங்கு) வீட்டுப் பக்கம் எல்லாம் மெல்லியது. ஆளுக்கு ஆள் 10 மீற்றர் இடைவெளி. பையின் இடுப்புப் பட்டியைத் திறந்துவிடுங்கள். கழுத்தில் ஐஸ் குத்தூசிச் சோடி தொங்கட்டும்.

இன்னொரு வில்லங்கம், ஸ்னோவுக்குக் கீழே சேறுபோல் நிற்கும் தண்ணீர். ஸ்னோவின் பாரத்தில் ஐஸ் தாழ, வெடிப்பால் தண்ணீர் மேலே வரும். மேலே போர்வையாய் ஸ்னோ கிடப்பதால் அது உறையாது. மிதித்தால் ஸ்னோஷூவில் ஒட்டி, காற்றுப் பட்டதும் கல்லாகும். சாம்பல் நிறமாய்த் தெரிந்தால் விலகுங்கள்.

தவறி உள்ளே போனால், மனிற்ரோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற் சொல்லிக்கொடுக்கும் 1-10-1 கணக்கை நினையுங்கள்: மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணித்தியாலம். வந்த திசைக்குத் திரும்பி, குத்தூசியால் பிடித்து, காலை அடித்து, மேலே வந்ததும் எழும்பாமல் உருண்டு போங்கள்.

7. அடுப்பு, தண்ணி, சாப்பாடு

பியூற்றேன் காஸ் -0.5 பாகைக்குக் கீழே ஆவியாகாது, மலிவு டின் அடுப்பு அங்கே பொம்மை. வெள்ளைப் பெற்றோல் (‘வைற் காஸ்’ எனப்படும் முகாம் அடுப்பு எரிபொருள்) அடுப்புத்தான் சரி. காற்றடித்து, முன்சூடு காட்டி மூட்டும் மண்ணெண்ணெய் அடுப்போடு பழகியவர்களுக்கு இது புதிதல்ல. அந்தக் கைப்பழக்கம் இங்கே சொத்து. அடியில் ஒரு பலகைத் துண்டு வையுங்கள், இல்லாவிட்டால் உருகி இறங்கும். கூடாரத்துக்குள் மூட்டவே கூடாது. காபனோரொட்சைட்டு மணமில்லாமல் ஆளை முடிக்கும்.

ஸ்னோவை உருக்கும்போது பானையில் முதலில் ஒரு கோப்பை தண்ணி விடுங்கள். வெறும் பானையில் போட்டால் அடிப்பிடித்துத் தண்ணி கருகல் மணக்கும். தளர்ந்த ஸ்னோ 10 லீற்றருக்குத் தண்ணி ஏறத்தாழ 1 லீற்றர்தான். அகன்ற வாய்ப் போத்தலைச் சொக்ஸுக்குள் போட்டுத் தலைகீழாக வையுங்கள். ஐஸ் மேலிருந்து கட்டும். நிமிர்த்தினால் வாய் திறந்திருக்கும். தண்ணியைச் சுத்தமாக்கும் நார்க்குழாய் வடிகட்டி ஒருமுறை உறைந்தால் உள்ளே வெடித்துவிடும், வெளியே தெரியாது. அதைச் சட்டைப்பைக்குள் வையுங்கள்.

சாப்பாட்டுக்கு நம்முடைய பலகாரம் நன்றாகப் பொருந்தும். எள்ளுருண்டையையும் பயத்தம் பணியாரத்தையும் சிறிதாகப் பிடித்துக்கொண்டால் உறை போட்ட கையாலும் வாயில் போடலாம். பனங்கட்டியை முன்னரே நொறுக்குங்கள், அங்கே பல் உடையும். தேங்காயெண்ணெய் 24 பாகையிலேயே கட்டிபடும் சாமான். பொரித்த மிக்சர் மெழுகுபோல் வாயில் ஒட்டும், நல்லெண்ணெயில் செய்யுங்கள். கறியை ஸ்காபரோவில் சமைத்து, தட்டையான பையில் உறையவைத்துக் கொண்டுபோனால், வெளியே முழுவதும் ஃபிரீசர்தான். இரவுக்கு ஒடியல் மாக் கூழைவிட நல்லது எனக்குத் தெரியாது. சாராயம் மட்டும் வேண்டாம்: தோலுக்கு இரத்தம் பாய்வதால் சூடு தெரியும், உள்ளிருக்கும் சூடு வெளியேறும்.

பின்சேர்க்கை: வாசித்தவர்கள் கேட்டவை

தோல் கறுப்பாக இருந்தால் குளிர்க்கடி எப்படித் தெரியும்? படங்களில் காட்டும் சிவப்பைத் தேடாதீர்கள். மூக்கு நுனி, காதுமடல், கன்னம் சாம்பல் பூத்து, மெழுகுபோல் மினுங்கி, தொட்டால் உணர்ச்சி இல்லாவிட்டால் அதுதான். தேய்க்காமல் உள்ளங்கையால் மூடுங்கள். ஸ்னோவால் தேய்ப்பது படுபிழை. காற்றோடு சேர்த்த குளிர்க்கணக்கு -28ஐத் தாண்டினால், திறந்த தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையக்கூடும். அன்று அறையில் இருங்கள். கூடவந்தவர் தடுமாறி, குழறி, காரணமில்லாமல் சினந்தால், “களைப்பு” என்று விடாமல் உடுப்பை மாற்றி, இனிப்பாய்ச் சுடுதேத்தண்ணி கொடுங்கள்.

கைபேசி 60 வீதத்தில் நின்று திடீரென அணைகிறதாம். பற்றரி பழுதில்லை, குளிர். உள்ளுடுப்புப் பையில் வையுங்கள். பூங்காவில் பல இடங்களில் சிக்னல் இராது. கடதாசி வரைபடம் கட்டாயம். நெற்றி லைற்றுக்கு லிதியம் பற்றரி.

மூக்குக்கண்ணாடி மங்குகிறது என்றும் எழுதியிருந்தார்கள். முகத்துணியை மூக்கின்மேல் இழுத்துக் கட்டினால் மூச்சு முழுக்கக் கண்ணாடிக்கே போகும். மூக்குக்குக் கீழே விடுங்கள். காற்று அடித்தால் மட்டும் ஏற்றுங்கள்.