கீமோகைன் குப்பியைத் திறக்கும் முன்

செல்களை ஈர்த்து நகரவைக்கும் சிறு புரதம்தான் கீமோகைன். அழற்சி ஆய்வுக்கு வாங்கும் மனித கீமோகைன் குப்பிக்குள் சில மைக்ரோகிராம் உலர்ந்த புரதம்தான் இருக்கும். அது மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்தால், திறக்கும்போதே ஆய்வில் பாதி போய்விடும். சென்ட்ரிஃபியூஜில் சில விநாடிகள் சுற்றிவிட்டுத் திறக்கச் சோம்பல் கூடாது.

அடுத்த இழப்பு கண்ணுக்குத் தெரியாது. மிகவும் நீர்த்த கரைசலில் புரதம் பிளாஸ்டிக் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். "10 நானோகிராம் கொடுத்தேன், செல் அசையவில்லை" என்பவரின் செல்லுக்கு அதில் எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ! 0.1 சதவீத ஆல்புமின் கலந்த கரைசலில் நீர்த்து, சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வையுங்கள். ஒரே குழாயை வாரந்தோறும் உருக்கி, மீண்டும் உறைய வைக்காதீர்கள்.

அளவைக் கூட்டினால் செல்கள் இன்னும் வேகமாக ஓடிவரும் என்ற கணக்கும் இங்கே செல்லாது. செல் நகர்வின் வரைபடம் மணி வடிவில் இருக்கும்: உச்சத்தைத் தாண்டினால், கீமோகைனை உணரும் ஏற்பிகள் மரத்துப்போய், நகர்வு குறையும். ஒரே ஓர் அளவைச் சோதித்துவிட்டு "புரதம் கெட்டுவிட்டது" என்று திருப்பி அனுப்புவதை என்னவென்று சொல்வது?

சில சமயம் தவறு புரதத்தின் நுனியிலேயே இருக்கும். கீமோகைனின் வேலை பெரும்பாலும் அதன் முன்முனையில்தான். ராண்டெஸ் அல்லது சிசிஎல்5 எனப்படும் கீமோகைனை ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்தபோது, தொடக்க மெத்தியோனின் நீங்காமல் தங்கிவிட்டது. அந்த ஒற்றை அமினோ அமிலத்தால், ஏற்பியைத் தூண்ட வேண்டிய புரதம் அதைத் தடுக்கும் புரதமாக மாறியதை 1996-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே பெயரைப் பார்த்து மட்டும் வாங்காமல், எந்த அமினோ அமிலத்தில் தொடங்குகிறது என்பதையும் தரவுத்தாளில் பாருங்கள்.

ஈ.கோலையில் தயாரானதென்றால், அந்த பாக்டீரியாவின் வெளிச்சவ்விலிருந்து வரும் நச்சான எண்டோடாக்சினின் அளவையும் பார்க்க வேண்டும். அதன் சிறு துளியே மோனோசைட்டுகள் என்னும் வெள்ளணுக்களை டிஎன்எஃப் என்னும் அழற்சிப் புரதத்தைச் சுரக்க வைத்துவிடும். பெருமை கீமோகைனுக்குப் போகும். சந்தேகமிருந்தால், எண்டோடாக்சினைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் பாலிமிக்சின் பி சேர்த்து ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை செய்யலாம். கொதிக்கவைத்து, புரதத்தைச் செயலிழக்கச் செய்து சோதிப்பது ஐஎல்-8 என்னும் கீமோகைனுக்கு அவ்வளவு நம்பகமில்லை. அது வெப்பத்தை நன்றாகவே தாங்கும்.

சுண்டெலி மாதிரிக்கு ஐஎல்-8 அளவிடும் கிட் தேடுகிறவர்களும் உண்டு. சுண்டெலிக்கு அந்த மரபணுவே கிடையாது. அதற்கு ஈடான சிஎக்ஸ்சிஎல்1, சிஎக்ஸ்சிஎல்2 ஆகிய கீமோகைன்களைத்தான் அளக்க வேண்டும்.